வால்வு சூடாகட்டும்: பள்ளியில் ஒரு கிதார் ஆம்ப்ளிஃபயர்

பள்ளி விழா என்றால் மைக் செட்டும் கீபோர்டும் நமக்குப் பழகியவை. இப்போது சில பள்ளிகளுக்கு மின் கிதாரும் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் தாம் வாசித்து வந்த கிதாரையும், அதற்கான 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரையும், எஃபெக்ட் பெடல்கள் நான்கையும் கொடுத்தார். எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் பணியிடம் இல்லை. ஒயர், பிளக், சுவிட்ச் என்று எது வந்தாலும் எங்கே போகுமோ அங்கேயே அதுவும் வந்தது, அதாவது இயற்பியல் ஆசிரியரான என் மேசைக்கு. கல்லூரி நாள்களில் நான் மெல்லிசைக் குழு ஒன்றில் கிதார் வாசித்தவன் என்பதும் தலைமையாசிரியருக்குத் தெரியும்.

அதன்பிறகு பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சிலர் தொலைபேசியில் கேட்ட கேள்விகள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “ஆன் பண்ணினா சத்தமே வரலையே சார், ரிப்பேரா?” “எர்த் பின் இல்லாத பிளக்குல மாட்டலாமா?” “பெடலை எங்கே சொருகுறது?” முதல் கேள்விக்குப் பதில்: ஒரு நிமிடம் பொறுங்கள். இரண்டாவதற்கு: கூடவே கூடாது. மூன்றாவதற்குச் சற்று நீளமாகப் பேச வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் வால்வு ரேடியோவை நினைவில் வைத்திருப்பார்கள். குமிழைத் திருகியதும் முகப்பில் விளக்கு எரியும். குரல் வர அரை நிமிடம் ஆகும். அதே வால்வுதான் இது. அமெரிக்கர்கள் ட்யூப் என்பார்கள், ஆங்கிலேயர்கள் வால்வு என்பார்கள். ரேடியோவிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வால்வு போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கிதார்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

பெட்டிக்குள் நடப்பது

மின் கிதாரின் கம்பிகள் எஃகு. அவற்றின் அடியில் ‘பிக்கப்’ எனப்படும் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய தாமிரக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது சுருளின் ஊடான காந்தப்பாயம் மாறுகிறது, மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நைலான் கம்பி போட்ட கிதாரைக் கொண்டுவந்து “இதுல ஏன் சார் இந்த பிக்கப் வேலை செய்யாது?” என்று மாணவரையே கேட்க வைத்துவிட்டால் பாடம் பாதி முடிந்தது.

இப்படிக் கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. மெதுவாக மீட்டினால் சில பத்து மில்லிவோல்ட், அழுத்தி அடித்தால் சில நூறு. இது முதலில் போகும் இடம் ஒரு சிறிய கண்ணாடிக் குழாய். அதன் அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயர் இசிசி83. ஐரோப்பியப் பெயருக்குள் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. ‘இ’ என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட். ‘சி’ என்றால் ட்ரையோடு. இரண்டு ‘சி’ வந்தால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடுகள். எங்கள் ஆம்ப்பில் கடைசியில் நிற்கும் பெரிய வால்வுகள் இஎல்84. அதில் ‘எல்’ என்பது திறன் பென்டோடைக் குறிக்கும். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு மாணவர்கள் வால்வுகளின் பெயர்களை விடுகதைபோல் அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வால்வின் நடுவில் கேத்தோடு. இழை அதைச் சூடாக்குகிறது, சூட்டில் எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. இதுதான் நாம் பாடநூலில் ஒரு பத்தியில் கடந்துபோகும் வெப்ப அயனி உமிழ்வு. வெற்றிடத்தைத் தாண்டி அவை நேர்மின்னழுத்தம் உள்ள தகட்டை நோக்கி ஓடுகின்றன. வழியில் கிரிட் என்னும் கம்பி வலை நிற்கிறது. வலையின் மின்னழுத்தம் துளி ஏறி இறங்கினாலும் தகட்டை அடையும் மின்னோட்டம் பெரிதாக ஏறி இறங்கும். வாய்க்கால் மடையைப் போல: பலகையைத் தூக்க ஒரு கை போதும், பாயும் தண்ணீரோ வயலை நிரப்பும். இப்படி மூன்றாவது மின்முனையாக கிரிட்டைச் சேர்த்தவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், ஆண்டு 1906. கிரிட் இல்லாத இரு மின்முனை வால்வை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் செய்திருந்தார்.

இசிசி83 வால்வின் பெருக்க எண் 100. சுற்றில் பொருத்தும்போது ஒரு நிலைக்கு 50, 60 மடங்கு கிடைக்கும். அடுத்தடுத்த நிலைகளைத் தாண்டி, கடைசியில் இரண்டு இஎல்84 வால்வுகளும் ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் முறையில் வேலை செய்து ஒலிபெருக்கியை அசைக்கின்றன. ஆனால் நேரடியாக அல்ல. அந்த வால்வு இணைக்குத் தேவைப்படும் பளு சுமார் 8000 ஓம். ஒலிபெருக்கியோ 8 ஓம். இடையில் நிற்பது வெளியீட்டு மின்மாற்றி. மின்தடை விகிதம் 1000 என்றால் சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், ஏறக்குறைய 31.6. பாடநூலில் மின்மாற்றியை மின்கம்பத்திலும் துணை மின்நிலையத்திலும் மட்டும் காட்டிப் பழகிவிட்டோம். அது இங்கே மாட்டுவண்டிக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவே சரக்கு மாற்றும் கூலியாளைப்போல் நிற்கிறது.

பிளக்கைச் சொருகும் முன்

முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 230 வோல்ட் என்று இருக்கிறதா? வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த பெட்டி 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். அப்படியானால் சரியான திறனுள்ள ஸ்டெப் டவுன் மின்மாற்றி இல்லாமல் தொடக்கூடாது.

அடுத்தது ஒலிபெருக்கி. ஆம்ப்பும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டியில் இருந்தால் அவற்றை இணைக்கும் சிறு ஒயர் பின்னால் தொங்கும். தனித்தனிப் பெட்டிகள் என்றால் நாமே இணைக்க வேண்டும். ஒலிபெருக்கி இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் இயக்கக்கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இதனால் பொதுவாகத் தீங்கில்லை. இங்கே கதை வேறு. மின்மாற்றியின் துணைச்சுற்றில் பளு இல்லாதபோது, முதன்மைச்சுற்றில் மின்னோட்டம் சட்டென மாறினால் எழும் மின்னழுத்தம் சுருளின் காப்பையே துளைத்துவிடும். பெட்டியில் விலையுயர்ந்த பாகங்களில் ஒன்று அந்த மின்மாற்றி. ஒலிபெருக்கியின் ஓம் மதிப்பும் பின்பக்கத் துளையில் எழுதியிருக்கும் ஓம் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4, தொடரிணைப்பில் சேர்த்தால் 16. பத்தாம் வகுப்பு மாணவரே கணக்கிட்டுச் சரியான துளையைச் சொல்லிவிடுவார்.

கிதாருக்கான ஒயரும் ஒலிபெருக்கிக்கான ஒயரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், முனையும் அதே கால் அங்குல ஜாக்தான். ஆனால் கிதார் ஒயரின் உள்ளே மெல்லிய ஒரே கம்பியும் அதைச் சுற்றி வலைக் கவசமும் இருக்கும். அதில் ஒலிபெருக்கிக்கான மின்னோட்டத்தை அனுப்பினால் சூடேறும். நான் ஒலிபெருக்கி ஒயரின் இரு முனையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

பெட்டியின் பின்பக்கம் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். மேடைத் திரை அதன்மேல் விழக்கூடாது. ஓடும்போது வால்வைத் தொட்டால் கை வெந்துவிடும். நிறுத்திய உடனே தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது, சூட்டில் இருக்கும் இழை அதிர்ச்சியைத் தாங்காது. விழா முடிந்ததும் நாற்காலிகளோடு இதையும் அள்ளிப் போட அவசரப்படும் தன்னார்வலர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி இயக்குவது. எல்லா வால்யூம் குமிழ்களும் பூச்சியத்தில். கிதார் ஒயரைச் சொருகுங்கள். பவர் சுவிட்சைப் போடுங்கள். ‘ஸ்டாண்ட்பை’ என்று இன்னொரு சுவிட்ச் இருந்தால் அதை இப்போது தொட வேண்டாம். இழைகள் செம்மஞ்சளாக ஒளிரத் தொடங்கும். ஒரு நிமிடம் கழித்து ஸ்டாண்ட்பையைப் போட்டு, வால்யூமைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். இவ்வளவு சிறிய ஆம்ப்புக்கு ஸ்டாண்ட்பை சுவிட்ச் தேவையே இல்லை என்று வாதிடுவோர் உண்டு, அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. இருந்தாலும் சுவிட்ச் இருக்கும்போது கையேடு சொல்லும் வரிசையைப் பின்பற்றுவதே பள்ளிக்கு நல்லது. இன்று ஒரு மாணவர், நாளை இன்னொருவர் இயக்கும் இடத்தில் ஒரே வரிசை பழக்கமாக வேண்டும். அந்த ஒரு நிமிடக் காத்திருப்பில் வகுப்பு அமைதியாகிவிடுகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன்.

குமிழ்களும் காதுகளும்

பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். மாணவர்கள் வழக்கமாக மிடிலைக் குறைத்து மற்ற இரண்டையும் ஏற்றுவார்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது அது இனிக்கும். தபேலாவும் கீபோர்டும் பாட்டும் சேர்ந்ததும் கிதார் காணாமல் போய்விடும். கிதாரின் உடம்பு நடு அதிர்வெண்களில்தான் இருக்கிறது.

‘கெயின்’ என்பது முதல் நிலை வால்வுகளுக்கு எவ்வளவு அனுப்புகிறோம் என்பது. ‘மாஸ்டர்’ என்பது கடைசி நிலைக்கு எவ்வளவு போகிறது என்பது. கெயின் குறைவு, மாஸ்டர் அதிகம் என்றால் தெளிவான ஒலி. கெயினை ஏற்றி மாஸ்டரை இறக்கினால் கரகரப்பான ஒலி, ஆனால் சத்தம் குறைவு. இங்கேதான் வால்வை ஏன் விடவில்லை என்பதற்கான விடை. வால்வு தன் எல்லையை எட்டும்போது அலையின் உச்சி கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாவதில்லை, தேய்த்து மழுக்கியதுபோல் வளைகிறது. வளைந்த அலையில் மூல அதிர்வெண்ணின் மடங்குகளான மேற்சுரங்கள் புதிதாக முளைக்கின்றன. காது அதை வெறும் கோளாறாகக் கேட்காமல் நிறமாகக் கேட்கிறது. விரலை மெதுவாக வைத்தால் ஒலி தெளிகிறது, அழுத்தினால் கரகரக்கிறது. வாசிப்பவரின் விரலுக்கு ஆம்ப் பதில் சொல்கிறது.

அந்தக் காலப் பொறியாளர்கள் இதைக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். 1950-களில் அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் பேஸ் கிதாருக்காக வடிவமைத்த பாஸ்மேன் என்ற ஆம்ப்பை அடிப்படையாக வைத்து, 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆள்களும் உள்ளூரில் கிடைத்த பாகங்களைக் கொண்டு ஓர் ஆம்ப்பை உருவாக்கினார்கள். பாகங்கள் மாறியதால் அது சீக்கிரமே கரகரத்தது, அதையே இளைஞர்கள் தேடி வந்து வாங்கினார்கள். 1964-இல் இங்கிலாந்தின் த கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் கரகரப்புக்காகத் தம் சிறிய ஆம்ப்பின் ஒலிபெருக்கிக் கூம்பையே பிளேடால் கிழித்தார். (இதை மாணவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். எங்கள் ஒலிபெருக்கி ஒன்றுதான்.)

ஆய்வகத்தில் இதைக் காட்ட ஆசிலோஸ்கோப் தேவையில்லை. மடிக்கணினியில் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் ஒரே சுரத்தைத் தெளிவாக ஒரு முறையும் கெயினை ஏற்றி ஒரு முறையும் பதிவுசெய்து, அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி மழுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும். நிறமாலை வரைபடத்தில் மேற்சுரங்கள் வரிசையாக எழுந்து நிற்கும். பதினோராம் வகுப்பில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யும் ‘ஒலியின் பண்பு’ என்பது இதுதான்.

15 வாட் என்பதைக் கேட்டுக் குறைவாக எண்ண வேண்டாம். 30 வாட் ஆம்ப் இதைவிட 3 டெசிபல் மட்டுமே கூடுதல். கேட்பதற்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு திறன் வேண்டும். ஆக வகுப்பறைக்கு 15 வாட் மிக அதிகம். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டால் 94 டெசிபலுக்கு 1 மணி நேரம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம். இது பெரியவர்களுக்கானது. பிள்ளைகளின் காதுக்கு நான் இன்னும் குறைவாகவே வைப்பேன். கைப்பேசிச் செயலி துல்லியமாகச் சொல்லாது, ஆனால் எச்சரிக்கும் அளவுக்குப் போதும்.

சத்தம் கூடிப்போவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. ஆம்ப் தரையில் இருக்கிறது, வாசிப்பவர் அதன் முன்னால் நிற்கிறார். ஒலிபெருக்கியிலிருந்து உயர் அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம்போல் நேராகப் போய் அவருடைய முழங்காலில் படுகின்றன. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ அது நேராகக் காதில். வாசிப்பவர் “கேட்கலை சார்” என்று ஏற்றிக்கொண்டே போவார். ஆம்ப்பை ஒரு நாற்காலியில் ஏற்றிச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் அவர் தானாகவே குறைத்துவிடுவார்.

பெடல்கள்

பெடல் என்பது காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. கிதாரிலிருந்து வரும் ஒயர் அதன் ‘இன்’ துளைக்கு, ‘அவுட்’ துளையிலிருந்து அடுத்த பெடலுக்கு, கடைசியில் ஆம்ப்புக்கு. வரிசை மாறினால் ஒலி மாறும். சட்டம் என்று எதுவும் இல்லை, ஆனால் பலரும் பின்பற்றும் வரிசைக்குக் காரணம் உண்டு. சுருதி பார்க்கும் ட்யூனர் முதலில், அதற்குக் கலப்பில்லாத ஒலி வேண்டும். பிறகு வா, கம்ப்ரஸர். அடுத்து ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் ஆகிய கரகரப்புப் பெடல்கள். அதன் பின் கோரஸ். கடைசியில் எதிரொலி தரும் டிலே, முழக்கம் தரும் ரிவெர்ப்.

எதிரொலி ஏன் கடைசியில்? மலையடிவாரத்தில் நின்று கத்தினால், கத்தியது திரும்பி வருகிறது. முதலில் கரகரப்பு, பிறகு எதிரொலி என்றால் அதுபோலவே இருக்கும். மாற்றி வைத்தால், கத்தலும் அதன் எதிரொலிகளும் எல்லாம் சேர்ந்து ஒரே கரகரப்பில் அரைபட்டுக் கூழாகும். இதே சிக்கல் ஆம்ப்புக்குள்ளும் வரும், ஏனென்றால் கரகரப்பு ஆம்ப்பின் கெயின் நிலையிலேயே உண்டாகலாம். அதற்காகத்தான் சில ஆம்ப்புகளின் பின்பக்கத்தில் ‘செண்ட்’, ‘ரிட்டர்ன்’ என இரண்டு துளைகள். முன்நிலைக்கும் கடைசி நிலைக்கும் நடுவில் வெட்டி வைத்த வாசல் அது. செண்டிலிருந்து டிலே பெடலின் ‘இன்’, அதன் ‘அவுட்’டிலிருந்து ரிட்டர்ன். தெளிவான ஒலியில் மட்டும் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வாசலைத் தேட வேண்டாம், எல்லாவற்றையும் முன்னாலேயே மாட்டிக்கொள்ளலாம்.

டிலே பெடலை நான் பத்தாம் வகுப்புக்கு எடுத்துப்போகிறேன். எதிரொலியைத் தனியாகக் கேட்க 0.1 விநாடி இடைவெளி வேண்டும், அதற்குச் சுவர் 17.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பெடலின் குமிழை 100 மில்லி விநாடியில் வைத்து ஒரு சுரம், பிறகு 50-இல் ஒரு சுரம். ஐம்பதில் எதிரொலி மூலச் சுரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 300-இல் வைத்து, “இந்தச் சுவர் எவ்வளவு தூரத்துல இருக்கு?” என்று கேட்டால் பின்வரிசை மாணவர்கூட எழுந்து 51.6 மீட்டர் என்கிறார். சிலர் 103.2 என்பார்கள், போய்வரும் தூரத்தை இரண்டால் வகுக்காமல். அந்தத் தவறு தேர்வில் நடப்பதைவிட இங்கே நடப்பது நல்லது. கணித ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 60,000 ÷ 120 = 500 மில்லி விநாடி. டிலேயை அந்த எண்ணில் வைத்தால் எதிரொலி தாளத்தில் விழும்.

எங்கள் ஆம்ப்பிலேயே ரிவெர்ப் உண்டு. அது மின்னணுச் சில்லு இல்லை, அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் தொங்கும் சுருள்வில்கள். ஒலி அலை ஒரு முனையில் இயந்திர அதிர்வாக ஏறி, வில்லில் முன்னும் பின்னும் ஓடி, மறுமுனையில் மீண்டும் மின்னாகிறது. ஓடும்போது பெட்டியை லேசாகத் தட்டினால் இடி இடித்ததுபோல் கேட்கும். ஒருமுறை காட்டினால் போதும், இல்லையென்றால் ஆளுக்கொரு தட்டு தட்டுவார்கள்.

சொற்குழப்பம் ஒன்று. ஒலியின் அளவு ஏறி இறங்குவது ட்ரெமலோ, சுருதி ஏறி இறங்குவது விப்ராட்டோ. ஆனால் ஃபெண்டர் நிறுவனம் தன் ஆம்ப்புகளில் ட்ரெமலோவுக்கு விப்ராட்டோ என்றும், சுருதியை அசைக்கும் கிதார் கைப்பிடிக்கு ட்ரெமலோ என்றும் பெயர் போட்டது. அது அப்படியே நிலைத்துவிட்டது. மாணவர் மாற்றிச் சொன்னால் திட்ட வேண்டாம்.

பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடும், நடுமுனை எதிர்மின். வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின். முனை பொருந்துகிறதே என்று மாட்டினால் பெடல் போய்விடும். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் சிறு வட்டக் குறியைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். மின்கலத்தில் ஓடும் பெடல்களில் ‘இன்’ துளையில் ஒயர் இருக்கும்வரை மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் ஒயரை உருவிவிட வேண்டும்.

எர்த்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

சென்ற ஆண்டு விழா ஒத்திகை. கிதாரை வாசித்துக்கொண்டே பாட வேண்டிய பதினோராம் வகுப்பு மாணவி, பாட்டைத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார். என்னம்மா என்றேன். “மைக்குல உதடு பட்டா சுருக்குங்குது சார். பயத்துல அப்படி இருக்குதோன்னு நினைச்சேன்” என்றார். உடனே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, அவர் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளி நின்ற பிறகு, ஆய்வக மல்டிமீட்டரை மாறுமின்னழுத்தத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டு, ஒரு முனையைக் கிதார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வைத்தேன். 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

காரணம் இதுதான். கிதாரின் கம்பிகள் ஒயரின் கவசம் வழியாக ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடும், அது பிளக்கின் எர்த் பின் வழியாகப் பூமியோடும் இணைந்திருக்கின்றன. கம்பியைத் தொடும் கை பூமியைத் தொடும் கை. மைக்கின் உலோக உடல் மிக்ஸரின் சட்டத்தோடு இணைந்தது. வாடகைக்கு வந்த மைக் செட்டின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு பின் பிளக்தான் இருந்தது. எனவே மிக்ஸரின் கசிவு மின்சாரத்துக்குப் போக வழியில்லை. உதட்டில் ஏறிக் கை வழியாக இறங்க அந்தப் பெண் வழி கொடுத்திருக்கிறார். அன்று ஓடியது வெறும் கசிவு. மிக்ஸருக்குள் ஒரு ஒயர் அறுந்து சட்டத்தில் பட்டிருந்தால் முழு 230 வோல்ட்.

“வாத்தியாரே, பதினஞ்சு வருசமா இப்படித்தான் ஓட்டுறோம்” என்றார் மைக் செட்காரர். “அண்ணே, பதினஞ்சு வருசமா பாடுறவங்க கையில மின் கிதார் இருந்துச்சா?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, வேறு பாக்ஸ் எடுத்துவரக் கிளம்பிவிட்டார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை, தனியாகப் பாடுபவருக்கு வெளிப்படாத குறை கிதார் சேர்ந்ததும் உயிர்ப் பிரச்சினையாகிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். 1972-இல் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகர மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்தாக்கி இறந்தார். கூட்டத்தின் கண்முன் நடந்தது அது.

இப்போது எங்கள் நடைமுறை இது. மேடையில் ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாம் ஒரே போர்டிலிருந்து. அந்தப் போர்டின் எர்த்தை விழாவுக்கு முந்தைய வாரமே எலக்ட்ரீஷியன் சோதிக்கிறார். போர்டுக்கு முன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் வாங்கிப் பொருத்தினோம். மாணவர் மைக்கை நெருங்கும் முன் கிதார் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறோம், ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிகழ்ச்சி தொடங்காது. மழைத் தூறலில் திறந்தவெளி மேடை என்றால் மின் கிதார் கிடையாது, அவ்வளவுதான்.

‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைக் குறைக்க எர்த் பின்னை உடைத்துவிடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் குறையலாம், ஆனால் பிள்ளையைக் காக்கும் ஒரே ஒயரும் அதோடு போய்விடும். இரைச்சலுக்கு வேறு வழிகளைப் பாருங்கள்: ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்திப் பாருங்கள், பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டை அணைத்துப் பாருங்கள், வாசிப்பவரை மெல்லத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இரைச்சல் பாதியாக அடங்கும்.

பெட்டியைத் திறப்பது நம் வேலையும் இல்லை, மாணவர் வேலையும் இல்லை. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். 47 மைக்ரோஃபாரட், 330 வோல்ட் என்று வைத்து ½சிவி² கணக்கிடச் சொல்லுங்கள், சுமார் 2.5 ஜூல் வரும். கரும்பலகையில் சிறிய எண். ஆனால் அது ஒரு கணத்தில் கை வழியாகப் பாயும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செம்மஞ்சள் ஒளியைக் காட்ட வேண்டுமானால் அறை விளக்கை அணைத்து, பின்பக்கக் கம்பி வலை வழியாகப் பார்க்க வைத்தாலே போதும். எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு வெப்ப அயனி உமிழ்வைப் படிப்பது இப்படி, மூன்று மூன்று பேராகக் குனிந்து.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. முன்நிலை வால்வுகள் பல ஆண்டு வரும். கடைசி நிலை வால்வுகள் முதலில் களைக்கும்: ஒலி மங்கும், பேஸ் தளரும், சில நேரம் தகடு சிவந்து ஒளிரும். தகடு சிவந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தெரிந்த பழுது பார்ப்பவரை அழையுங்கள். ஃப்யூஸ் போனால் அதே மதிப்புள்ளதை ஒருமுறை மாற்றலாம். மறுபடியும் போனால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது, கம்பி சுற்றி ஓட்டக்கூடாது. கோடை விடுமுறைக்கு முன் ஒயர்களை வட்டமாகச் சுற்றி, பெடல்களின் மின்கலங்களைக் கழற்றி, ஆம்ப்பைப் பருத்தித் துணியால் மூடித் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் தங்கும். பின்பக்க வலையின் இடுக்குகளில் பல்லி முட்டையிடும். ஜூன் மாதம் சுவிட்சைப் போடும் முன் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.